கறுப்புக் கரை போட்ட உறை

என் மாமாவுக்குப் பெரிய மனிதர்களின் கையெழுத்து என்றால் உயிர். திற்பரப்பு அருவிக்குக் குளிக்க வருகிறவர்களில் பத்திரிகையில் படம் வந்த ஆள் யாராவது இருந்தால், அவர் தலை துவட்டி முடிப்பதற்குள் மாமா நோட்டும் பேனாவுமாக எதிரே நிற்பார். ஒரு மந்திரி இடுப்பில் ஈரத்துண்டோடு போட்டுக்கொடுத்த கையெழுத்து அவரிடம் உண்டு. மை ஓடிப்போய் முதல் எழுத்தும் கடைசிப் புள்ளியும்தான் மிச்சம். அதற்கும் பதிவேட்டில் ஓர் எண் இருக்கிறது. 'நிலை' என்ற கட்டத்தில் "நனைந்தது" என்று எழுதியிருக்கிறார். தாள் நனைந்ததா மந்திரி நனைந்ததா என்று அம்மா கேட்பாள்.

மாமா அம்மாவின் அண்ணன். பாசனப் பிரிவு அலுவலகத்தில் கிளார்க். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா சவூதிக்குப் போனதும் எங்களுக்குத் துணையாக எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தார். கூடவே ஒரு தகரப் பெட்டியும் வந்தது. நேரில் வாங்கிய கையெழுத்துகள் போக, எழுதி வாங்கிய கடிதங்கள் அதில் கட்டுக்கட்டாக இருந்தன. பிறந்தநாள் வாழ்த்து, மேடைப் பேச்சில் ஒரு சந்தேகம், புத்தகத்தில் ஒரு பிழை என்று ஏதாவது சாக்கு வைத்துப் பெரியவர்களுக்கு எழுதுவார். பத்துப் பேருக்கு எழுதினால் ஒருவர் பதில் போடுவார். பிழையைச் சுட்டிக்காட்டியதற்காக ஒரு பேராசிரியர் நாலு பக்கம் திட்டி எழுதியிருந்தார். மாமாவுக்கு அதில்தான் பெருமை அதிகம். மற்றவர்கள் எல்லாம் இரண்டு வரியோடு நிறுத்திக்கொண்டார்களே. பதிவேட்டில் அதற்கு நேரே "வசவு. நாலு பக்கம். மிக நல்ல நிலை" என்று இருக்கிறது.

அந்தப் பெட்டியை நாங்கள் தொடக் கூடாது. எண் போடாமல் அதற்குள் ஒரு துண்டுத்தாள்கூடப் போகாது. வீடு ஒழுகிய ஒரு நாள் அம்மா ரேஷன் கார்டு நனையாமல் இருக்கட்டும் என்று அதற்குள் வைத்துவிட்டாள். மறுநாள் எடுக்கப் போனால் அதன் மூலையில் பென்சிலால் எண் போட்டிருந்தது. பதிவேட்டைப் பார்த்தால் "எழுதியவர்: அரசு. நிலை: மஞ்சள்பொடிக் கறை" என்று இருந்தது. பெட்டிக்குள் வந்துவிட்டால் கணக்கில் வந்தாக வேண்டும் என்றார். இப்படி ஒரு மனிதரோடு ஒரே வீட்டில் இருப்பது எங்களுக்குச் சிரிப்பும் எரிச்சலுமாக இருந்தது.

எனக்கு ஒன்பது வயது நடந்த அந்த வருடம், மாமா மூன்று மாதமாக ஒரே ஒரு கடிதத்தின் பின்னால் அலைந்தார். மார்த்தாண்டத்தில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருந்தார். அவருடைய பூட்டி, அதாவது பாட்டிக்கும் அம்மா, மிஷன் தொடங்கிய பெண்பள்ளியில் முதன்முதலாகப் படித்தவர்களில் ஒருத்தி. அவளுக்குப் பாடம் சொன்ன வெள்ளைக்கார அம்மையை எங்கள் பக்கத்தில் மதாம்மை என்றே சொல்வார்கள். பள்ளிக்கூடத்துச் சுவரிலும் வேதக்கோவில் கல்லிலும் அவள் பெயர் வெட்டியிருக்கிறது. மதாம்மை தன் ஊருக்குத் திரும்பிப் போன பிறகு பழைய மாணவிக்கு எழுதிய ஒரே கடிதம் டீச்சர் வீட்டுப் பைபிளுக்குள் நூறு வருடத்துக்கு மேலாக இருந்தது. மாமா அதை வாங்கி, படியெடுத்து, பதிவு செய்து, ஒரு வாரத்தில் திருப்பித் தருவதாகக் கெஞ்சிக்கொண்டிருந்தார். டீச்சர் கடைசியில் சம்மதித்தார். ஐப்பசி மழையில் பேச்சிப்பாறை அணை நிறைந்து, கால்வாய் ஆட்கள் யாருக்கும் லீவு கிடையாது என்று ஆகிவிட்ட சமயம் அது. டீச்சருக்கு முழங்கால் வலி. அவர் தெருவிலேயே குடியிருந்த பஸ் கண்டக்டர் எங்கள் தடத்தில்தான் ஓடினார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன், வீட்டில் ஆள் இருக்கட்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

அந்தக் கடிதத்தைப் பற்றி மாமா பேசிய பேச்சில் அது ஒரு வெள்ளிப் பேழையில் வரும் என்று நான் நினைத்திருந்தேன்.

அதே நாட்களில் வீட்டில் வேறொரு கவலை இருந்தது. அப்பா வெள்ளிக்கிழமைதோறும் மத்தியானம் இரண்டு மணிக்கு அருவிச் சாலையில் இருந்த பூத்துக்குப் போன் செய்வார். அம்மா தலையில் பூ வைத்துக்கொண்டு ஒன்றரைக்கே அங்கே போய் உட்கார்ந்துவிடுவாள். மூன்று வெள்ளிக்கிழமையாகப் போன் வரவில்லை. கடிதமும் இல்லை. மழையில் லைன் எல்லாம் கெட்டுக் கிடக்கிறது, சவூதியிலும் ஏதோ கம்பி மாற்றுகிறார்கள் என்று மாமா சொன்னார். அவர் சொன்ன வேகத்தில் அம்மா நம்பினாள். நான் நம்பவில்லை.

அம்மாவுக்கு அப்போது ஏழாம் மாதம். அதற்கு முன்னால் ஒன்று தங்காமல் போயிருந்தது. அம்மாவின் அப்பா இறந்த செய்தியை யாரோ முற்றத்தில் நின்று உரக்கச் சொல்ல, அம்மா படியில் விழுந்து, மறுநாள் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துபோயிற்று. அதனால் இந்த முறை மாமா என்னைக் கூப்பிட்டு, அம்மாவிடம் எதையும் பதறிச் சொல்லக் கூடாது, பாம்பைக் கண்டால்கூட மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று கட்டளை போட்டிருந்தார். நானும் அந்தக் கட்டளையைப் பெரிய உத்தியோகம் போல ஏற்றுக்கொண்டிருந்தேன்.

மாமா தினமும் காலையில் ஆபீசுக்குப் போகும் முன் தபாலாபீசு வாசலில் போய் நின்றார். பை பிரிக்கும்போதே கேட்டுவிட்டுத்தான் நகருவார். ஆள் கையில் வரப்போகிற காயிதத்துக்கு இவன் எதற்குத் தபாலாபீசில் தவம் கிடக்கிறான் என்று அம்மா என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

ஒரு புதன்கிழமை மழை கொட்டியதால் பள்ளியைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். குலசேகரத்திலிருந்து நான் வந்த பஸ்சில் அந்தக் கண்டக்டர்தான் இருந்தார். மற்ற நாட்களில் என் பின்னல் ரிப்பனைப் பிடித்து இழுத்துக் கேலி பேசாமல் இறக்கிவிடமாட்டார். அன்று சிரிக்கவில்லை. தோல்பைக்குள்ளிருந்து செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டிய ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

"வீட்ல கொண்டு குடு மக்கா. பத்திரம்" என்றார். யாருக்கு, யார் தந்தது என்று சொல்லவில்லை. பின்னால் லாரி ஹாரன் அடித்தது. பஸ் போய்விட்டது.

காற்றில் குடை மடங்கிக்கொண்டது. வீட்டை அடைவதற்குள் செய்தித்தாள் ஊறி, ஒரு மூலை விட்டுப்போய், உள்ளே கறுப்பாக ஏதோ தெரிந்தது. அருவியில் வெள்ளம் என்பதால் பொம்மைக்கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. ஒரு கடையின் ஓலைச் சாய்ப்புக்குக் கீழே ஒதுங்கி நின்று நூலை அவிழ்த்தேன். பழுப்பேறிய ஓர் உறை. அதன் நாலு ஓரத்திலும் விரல் பருமனுக்குக் கறுப்புக் கரை ஓடியிருந்தது.

எங்கள் வீடுகளில் கல்யாணக் கடிதத்தின் மூலையில் மஞ்சள் இருக்கும். சாவு வீட்டுப் பதினாறாம் நாள் அடியந்திரத்துக்கு வருகிற கடிதத்தின் மூலையில் கறுப்பு மை இருக்கும். அதை வீட்டுக்குள் வைக்க மாட்டார்கள். முற்றத்தில் நின்றே படித்து, அங்கேயே கிழித்து, வெளியே எறிந்துவிட்டுக் கைகழுவிக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். வைத்திருந்தால் அடுத்த சாவு இந்த வீட்டைத் தேடி வரும். இது எனக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே தெரியும். மூலையில் ஒரு பொட்டுக் கறுப்பு இருந்தாலே அந்தப் பாடு. இதில் நாலு பக்கமும் கறுப்பு.

உறையைத் திறந்து தாளை இழுத்துப் பார்த்தேன். அதற்கும் கறுப்புக் கரை. சாய்ந்து சாய்ந்து ஓடும் இங்கிலீஷ் எழுத்து. ஒரு சொல்லும் விளங்கவில்லை. விளங்க வேண்டிய தேவையும் இல்லை. எங்கள் வீட்டுக்கு இங்கிலீஷில் யார் எழுதுவார்கள்? அப்பாவின் கம்பெனிக்காரர்கள் எழுதுவார்கள். மூன்று வெள்ளிக்கிழமை ஏன் போன் வரவில்லை? கண்டக்டர் ஏன் சிரிக்கவில்லை? எல்லாம் ஒன்றோடு ஒன்று பொருந்திவிட்டது. அப்பா இறந்துபோய்விட்டார்.

நான் அழுதேன் என்று நினைவில்லை. அம்மா இதைப் பார்க்கக் கூடாது என்பது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. பார்த்தால் விழுவாள். விழுந்தால் வயிற்றுக்குள் இருப்பதும் போய்விடும். தாள் துணி மாதிரிக் கனமாக இருந்தது, கிழிக்கக் கிழிக்க நார்நாராக வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நாலாக, எட்டாக, இன்னும் சிறிதாகக் கிழித்தேன். கடைக்குப் பின்னால் ஓடை மஞ்சளாகக் கரைபுரண்டு போய்க்கொண்டிருந்தது. அள்ளி அதில் போட்டேன். ஒரு சுழி சுழித்துக் கோதையாற்றுப் பக்கமாகப் போயிற்று. உறையில் தபால்தலை ஒட்டியிருந்த மூலையை மட்டும் எறிய மனம் வரவில்லை. அப்பா இருந்த ஊரிலிருந்து வந்த கடைசிப் பொருள் அது என்று நினைத்தேன். கணக்குப் புத்தகத்துக்குள் அதை வைத்தேன். மழைத்தண்ணீரில் கைகழுவினேன். வழக்கத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த பத்து நாள் போல ஒரு காலத்தை நான் திரும்ப அனுபவித்ததில்லை. அம்மா காலையில் குளித்துப் பொட்டு வைப்பாள். நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். என்னட்டி பாக்க என்று கேட்பாள். ஒன்றுமில்லை என்பேன். அப்பாவுக்குப் பிடிக்கும் என்று நேந்திரங்காய் வறுத்து டப்பாவில் அடைத்தாள். தை மாதம் யாராவது சவூதிக்குப் போனால் கொடுத்துவிடலாம் என்றாள். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பூவோடு பூத்துக்குப் போனபோது நானும் கூடப் போனேன். அங்கே வழுக்கிவிட்டால் பிடிக்க ஆள் வேண்டாமா? மூன்றரை வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். பூத்துக்காரர் எங்கள் பக்கம் பார்க்காமல் இருக்க ரேடியோவைத் திருகிக்கொண்டே இருந்தார்.

குடத்தை அம்மா தூக்க நான் விடவில்லை. விறகை எடுக்க விடவில்லை. முற்றத்தில் பாசி வழுக்குகிறது என்று சாம்பல் கொட்டித் தேய்த்தேன். பிள்ளைக்கு எவ்வளவு பொறுப்பு வந்துவிட்டது பார் என்று அம்மா மாமாவிடம் சொன்னாள். மாமா என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவரும் அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடவில்லை. கடிதம் வராத ஏக்கம் என்று நினைத்தேன். இங்கே அப்பாவே போய்விட்டார், இவர் ஒரு கிழட்டுத் தாளுக்காகச் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கிறாரே என்று எனக்கு அவர்மேல் வெறுப்பாக வந்தது.

ஒரு நாள் மாமா என்னிடம் கேட்டார், கண்டக்டர் மதாம்மையின் கடிதத்தைத் தந்தாரா என்று. இல்லை என்றேன். அவர் தந்தது மதாம்மையின் கடிதம் இல்லையே. வேறு ஏதாவது தந்தாரா என்று அவர் கேட்டிருந்தால் என் முகம் காட்டிக்கொடுத்திருக்கும். கேட்கவில்லை. நான் பொய் சொல்லவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

என் அந்த ஒரு சொல்லுக்குக் கை கால் முளைத்துவிட்டது. மாமா டீச்சருக்குச் சொல்லி அனுப்பினார், கடிதம் வரவில்லை என்று. டீச்சர் கண்டக்டரைப் பிடித்தார். புதன்கிழமையே கொடுத்தாயிற்று என்று அவர் சத்தியம் செய்தார். அவரை நம்பினால் மாமா பொய்யர். மாமாவை நம்பினால் அவர் பொய்யர். பழைய கடிதங்களுக்கு அலைகிற ஆள், கைக்கு வந்ததைத் திருப்பித் தர மனமில்லாமல் நாடகம் போடுகிறான் என்று மார்த்தாண்டத்தில் பேச்சு கிளம்பியது. அது எங்கள் வீடு வரைக்கும் வந்தது.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. டீச்சர் குடையை ஊன்றிக்கொண்டு இறங்கினார். வெள்ளைச் சேலை, ஒடிசலான தேகம், பார்வையில் மட்டும் வகுப்பறை இருந்தது. பின்னால் கண்டக்டர் வந்தார், காக்கிச் சட்டை இல்லாமல். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. மாமா நாற்காலியை இழுத்துப் போட்டார். டீச்சர் உட்காரவில்லை.

"மழையிலயும் கரையான்லயும் போவாத காயிதம், ஒங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்து காணாமப் போச்சுன்னா நான் என்ன நினைக்கது?" என்று மாமாவிடம் கேட்டார்.

மாமா பெட்டியைத் திறந்து காட்டினார். பதிவேட்டைக் காட்டினார். எண் போடாமல் எதையும் வைக்க மாட்டேன் என்றார். கண்டக்டர் என்னைக் கை காட்டினார்.

"எனக்க பிள்ளைகளாண, இவ கையிலதான் குடுத்தேன். மக்கா, நீ சொல்லு. குடுத்தேனா இல்லியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். கொடுத்தார் என்றால் எங்கே என்று கேட்பார்கள். எங்கே என்று சொன்னால் என்ன கடிதம் என்று கேட்பார்கள். அம்மா அடுக்களை நிலைப்படியில் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் படி இருந்தது. அந்தப் படியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இல்லை என்று சொன்னேன். கண்டக்டரின் கண் நிறைந்துவிட்டது. முப்பது நாற்பது பேரை அதட்டி பஸ்சுக்குள் தள்ளுகிற மனிதர், சின்னப் பிள்ளையின் முன்னால் வாய் கோணி நின்றார். டீச்சர் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை என்னால் தாங்க முடியவில்லை. அம்மா மெதுவாக நடந்து வந்து என் தோளைப் பிடித்தாள். அடிக்கவில்லை. அடித்திருந்தால் நான் சொல்லியிருக்க மாட்டேன்.

"ஏட்டி, ஒரு மனுசனுக்க சோத்துல மண்ணு விழுது. உள்ளத சொல்லு" என்றாள்.

நான் அம்மாவின் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், விழாமல் இருக்கட்டும் என்று. பிறகு மாமா சொல்லியிருந்தபடி, பதறாமல், மெதுவாகச் சொன்னேன்.

"அது மதாம்மைக்க காயிதம் இல்லம்மா. அப்பா செத்த காயிதம். சுத்தியும் கறுப்பு போட்டிருந்து. நீ பாக்கப்பிடாதுன்னு நான் கிழிச்சு ஓடையில களஞ்சுட்டேன்."

அம்மாவின் கைகள் என் கைக்குள் சில்லிட்டுப் போயின. அவள் அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். டீச்சர் குடையைப் போட்டுவிட்டு அவளைத் தாங்கிப் பிடித்தார். அப்போது மாமா என்னை நோக்கிக் குனிந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஸ்டாம்பு" என்றார். "அதுல ஸ்டாம்பு இருந்துதா? என்ன ஸ்டாம்பு?"

அந்தக் கேள்வியை என்னால் நம்ப முடியவில்லை. அம்மா தரையில் கிடக்கிறாள், அப்பா இல்லை, இவருக்கு ஸ்டாம்பு வேண்டியிருக்கிறது. கண்டக்டர்கூட முகத்தைச் சுளித்தார். நான் பைக்குள்ளிருந்து கணக்குப் புத்தகத்தை இழுத்து, அந்த மூலையை எடுத்து அவர் கையில் எறிந்தேன். அவர் அதை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஊதாநிறத் தாளில் கொண்டை போட்ட ஒரு வெள்ளைக்கார ராணியின் தலை.

மாமா சிரித்தார். வாசற்படியில் உட்கார்ந்து, தூணில் தலையைச் சாய்த்து, வயிறு குலுங்கச் சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டியது. நிறுத்த முயன்று வாயைப் பொத்தினார், அதற்குள்ளிருந்தும் சிரிப்பு பீறிட்டது. "ராணி, ராணியாக்கும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

டீச்சர்தான் அம்மாவின் முகத்தில் தண்ணீர் தெளித்து விளக்கினார். மதாம்மை அந்தக் கடிதத்தை எழுதியது அவள் புருசன் செத்த வருடத்தில். துக்க வீட்டுக்காரர்கள் கறுப்புக் கரை போட்ட தாளில்தான் எழுதுவார்களாம், அது அவர்கள் ஊர் வழக்கம். உன் மாப்பிள்ளைக்கு ஒன்றுமில்லை அம்மா, அது செத்து மண்ணாய்ப்போன ஒரு வெள்ளைக்காரனுக்குப் போட்ட கறுப்பு என்றார். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். வயிற்றுக்குள்ளிருந்து தம்பி என்னை உதைத்தது எனக்குத் தெரிந்தது. கண்டக்டர் சுவரில் சாய்ந்து, கடவுளே என்று மூச்சு விட்டார்.

டீச்சர் எழுந்து குடையை எடுத்தார். மாமா இன்னும் முழுதாக ஓய்ந்திருக்கவில்லை.

"நான் பிள்ளைய குத்தம் சொல்லமாட்டேன்" என்றார் டீச்சர். "எனக்க பூட்டிக்கு வந்த காயிதம் ஆத்தோட போச்சு. நீரு சிரிக்கேரு. அதத்தான் மறக்கமாட்டேன்."

மாமா சட்டென்று எழுந்து கைகூப்பினார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார். மன்னிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். தபால்தலையை நீட்டினார். டீச்சர் வாங்கவில்லை.

அதோடு மாமாவின் அலைச்சல் முடிந்தது. இறந்தவரின் மனைவி எழுதிய துக்கக் கடிதம் கிழிந்ததற்குக் கைகொட்டிச் சிரித்த ஆள் என்று பேர் பரவிவிட்டது. சிதறாலில் ஒரு வீட்டில் பழைய கடிதங்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஒருமுறை போனார். சாவி தொலைந்துவிட்டது என்றார்கள், உட்காரச் சொல்லவில்லை. அதன் பிறகு யார் வீட்டுப் பைபிளும் அலமாரியும் அவருக்குத் திறக்கவில்லை. அருவிக்கு வருகிற ஈர மனிதர்களோடு அவர் காலம் கழிந்தது. ஏன் சிரித்தார் என்று டீச்சருக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். ஊருக்கெல்லாம் கடிதம் எழுதுகிறவர், அதை மட்டும் எழுதவில்லை.

இரண்டு வெள்ளிக்கிழமை கழித்துப் பூத்துக்கு அப்பாவின் போன் வந்தது. குரல் சின்னதாக இருந்தது. வேலை அதிகம், அதுதான் என்றாராம். தம்பி தை மாதத்தில் நல்லபடியாகப் பிறந்தான். அடுத்த வருடம் அப்பா வந்தபோது இடது காலைச் சற்று இழுத்து நடந்தார். பஸ்சிலிருந்து இறங்கும்போது விழுந்ததாகச் சொன்னார். அதோடு முப்பது வருடத்துக்குப் பக்கம் வாழ்ந்து, எங்கள் எல்லோரும் சுற்றியிருக்கப் போய்ச் சேர்ந்தார்.

மாமா போன வருடம் இறந்தார். நாகர்கோவிலில் ஒரு கல்லூரி நூலகம் அந்தப் பெட்டியைக் கேட்டது. பட்டியல் எடுத்துத் தர வேண்டும் என்று நான் அம்மா வீட்டில் பதிவேட்டையும் லேப்டாப்பையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாமாவின் எண் வரிசையில் பெட்டிக்குள் இருப்பதை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டு வந்தேன். நூற்றுப் பத்தொன்பதில் அந்த ராணி இருந்தாள். "உறையின் மூலை மட்டும். மற்றது ஆற்றில்" என்று எழுதியிருந்தார். என் பெயரைக் குறிப்பிடவில்லை.

அதற்கு முந்தைய எண் நூற்றுப் பதினெட்டு. சவூதித் தபால்தலை ஒட்டிய சாதாரண உறை. அப்பாவின் அறையில் உடன் தங்கியிருந்த குளச்சல்காரர் மாமாவின் ஆபீசு முகவரிக்கு எழுதியது. மச்சான் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார், நாலு நாளாக நினைவு வரவில்லை, டாக்டர் ஒன்றும் உறுதி சொல்லவில்லை, தங்கச்சி இருக்கிற நிலைமையில் அவளிடம் சொல்ல வேண்டாம், என்ன ஆனாலும் அடுத்த காயிதத்தில் எழுதுகிறேன், தபாலைப் பார்த்துக்கொண்டிருங்கள். தேதியைப் பார்த்தேன். நான் ஓடைக்கரையில் நின்ற புதன்கிழமைக்கு மூன்று வாரம் முந்தையது.

பதிவேட்டில் மாமா ஒழுங்காக எழுதியிருந்தார். "எழுதியவர்: குளச்சல் நண்பர். யாருக்கு: எனக்கு. பக்கம்: ஒன்று. நிலை: நல்ல நிலை. தங்கை பார்க்கக் கூடாது."

அந்த அடுத்த காயிதத்துக்காகத்தான் அவர் தினமும் தபாலாபீசு வாசலில் நின்றிருக்கிறார். அது வந்துவிட்டது, அதைக் கிழித்துவிட்டேன் என்றல்லவா நான் அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். எந்த நாட்டு ஸ்டாம்பு என்று அவர் கேட்காமல் வேறு என்ன கேட்பார்? நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே ஆளுக்குத் தெரியாமல், ஆளுக்கொரு கடிதத்தை ஒளித்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்து சோறு சாப்பிட்டிருக்கிறோம். நான் அவரை வெறுத்துக்கொண்டே சாப்பிட்டேன்.

"எந்த நம்பர்லட்டி இவ்வளவு நேரமா இருக்க?" என்று அம்மா கேட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து பயறு உடைத்துக்கொண்டிருந்தாள்.

நான் உறையைப் பதிவேட்டுக்கு அடியில் தள்ளினேன். நூற்றுப் பத்தொன்பது, அந்த ராணி ஸ்டாம்பு என்றேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் கதையை அவள் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள் என்று கணக்கில்லை.

"அப்பா செத்துட்டாருன்னு பிள்ள சொல்லுகா. அந்த நேரத்துலயும் ஸ்டாம்பு என்னதுன்னு கேட்டான் பாரு எனக்க அண்ணன்."

ஆமாம் அம்மா, ஒரு பைத்தியம் என்று சொல்லி நானும் சிரித்தேன். பட்டியலில் நூற்றுப் பதினேழுக்குக் கீழே நூற்றுப் பத்தொன்பது என்று அடித்தேன்.